பூச்சியின் ஒரு காலை அனுப்பினால் பெயர் வருமா? வண்ணத்துப்பூச்சிகளுக்கான டி.என்.ஏ. பார்கோடு சேவை பற்றி ஒரு பயனரின் மதிப்பீடு

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் எழும்பாமல் அலைந்து திரியும் சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைச் சில ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். யூரெமா என்ற பேரினத்தைச் சேர்ந்த இவற்றை இந்த மதிப்பீட்டில் புல்மஞ்சள் என்றே அழைக்கிறேன். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய, முன்னிறக்கையின் அடிப்பக்கத்து நடு அறைக்குள் இருக்கும் பழுப்புக் குறிகளை எண்ணச் சொல்வார்கள்: சாதாரணப் புல்மஞ்சளுக்கு இரண்டு, முப்புள்ளிப் புல்மஞ்சளுக்கு மூன்று, ஒற்றைப்புள்ளிக்கு ஒன்று, புள்ளியற்றதற்கு எதுவுமில்லை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு தோட்டத்தில் சரிப்படுவதில்லை. இறக்கையை மூடித்தான் இவை அமரும் என்பதால் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எண்ண வேண்டிய அந்த அறையைப் பெரும்பாலும் பின்னிறக்கை மறைத்துக்கொண்டிருக்கும். மறைக்காத நேரத்திலும் குறிகள் மங்கியிருக்கலாம், ஒன்றோடொன்று சேர்ந்திருக்கலாம்; கோடைக்காலத்து உருவத்தில் வேறு பழுப்புத் திட்டுகளும் சேர்ந்துகொண்டு எண்ணிக்கையைக் குழப்பும்.

ஒளிப்படத்தை வைத்துக்கொண்டு நண்பர்களுடன் வாதாடிக் களைத்த பிறகுதான், பூச்சியின் ஒரு காலைக் கொடுத்தால் அதன் டி.என்.ஏ. பார்கோடை வரிசைப்படுத்திச் சிற்றினப் பெயரோடு அறிக்கை தருகிறோம் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் ஆய்வகத்தை அணுகினேன். தென்னிந்தியப் பெருநகர் ஒன்றில் இயங்கும் அந்த ஆய்வகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இந்தச் சேவையின் இயல்பிலேயே இருப்பவை. வேறு ஆய்வகத்துக்குப் போனாலும் அவற்றை நீங்கள் சந்திக்கக்கூடும். ஆகவே இதை ஒரு நிறுவனத்தின் மதிப்பீடாகக் கொள்ளாமல், இந்த வகைச் சேவையின் மதிப்பீடாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கொடுத்து நாம் வாங்குவது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் முழு மரபணுத் தொகுதியையும் யாரும் வாசிப்பதில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபணு ஒன்று உண்டு. அதில் 658 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளை இப்படிச் சொல்வது வழக்கம்) கொண்ட ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல பிரதிகளாகப் பெருக்கி, வரிசைப்படுத்தி, அதாவது அந்த எழுத்துகளை ஒழுங்கு மாறாமல் வாசித்து, ஏற்கெனவே பெயரிடப்பட்ட வரிசைகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். இந்த ஒரே துண்டை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளக் குறியாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். போல்ட் எனப்படும் திறந்த தரவுத்தளமும் அங்கிருந்துதான் நடத்தப்படுகிறது. கடைச் சாமானின் மேலுள்ள பட்டைக்குறியைக் கருவியில் காட்டியதும் விலை தெரிவதைப் போன்றது என்பதால் பார்கோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். கடையில் ஒரே குறியை இரண்டு பொருள்களுக்கு ஒட்டமாட்டார்கள், இயற்கையில் அந்த உத்தரவாதம் கிடையாது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அனுப்பியவை 12 மாதிரிகள். எல்லாமே எங்கள் தோட்டத்து மரங்களிலும் செடிகளிலும் கிடைத்த முட்டைகளையும் புழுக்களையும் பெட்டியில் வைத்து வளர்த்துப் பெற்றவை: கொன்றையிலிருந்து ஐந்து, அகத்தியிலிருந்து நான்கு, வேலியோரத்துக் கொடுக்காய்ப்புளியிலிருந்து மூன்று. காட்டுக்குள் போய்ப் பிடித்து வந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றி எதையும் எடுக்க முடியாது என்பதோடு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் பலவும் இடம்பெற்றிருக்கின்றன; அவற்றின் ஒரு காலும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே. அதேபோல, போல்ட் தரவுத்தளம் கனடாவில்தானே இருக்கிறது, காலை நேராக அங்கேயே தபாலில் அனுப்பிவிடலாமே என்றும் யாருக்காவது தோன்றலாம். உயிரியல் மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்புவது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்துக்கு உட்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் நம் சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. உள்நாட்டு ஆய்வகத்தை நான் நாடியதற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

மாதிரியைத் தயாரிப்பது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. நுனி கூர்மையான இடுக்கியால் நடுக்காலின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால், தொடையிலிருந்து நகம் வரை முழுதாக வந்துவிடும். இரண்டு மாதிரிகளுக்கு இடையில் இடுக்கியை எத்தனாலில் துடைத்துத் தீயில் காட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் பூச்சியின் அடையாளம் இரண்டாவதிலும் ஒட்டிக்கொள்ளும். ஃபார்மலினில் ஊறிய மாதிரி டி.என்.ஏ. வேலைக்குக் கிட்டத்தட்ட வீண். சுத்தமான எத்தனால் நல்லது. ஆனால் எத்தனால் தீப்பற்றும் திரவம் என்பதால் கூரியர் கடையில் அதை வாங்கவே மறுத்துவிட்டார்கள். கடைசியில் கால்களை உலர்த்தி, சுண்டுவிரல் நுனியளவுப் பிளாஸ்டிக் குப்பிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சேர்த்து அனுப்பினேன். ஆய்வகத்தின் வழிகாட்டிக் குறிப்பில் எத்தனால் மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. உலர்ந்த காலும் போதும் என்பதைத் தொலைபேசியில் கேட்ட பிறகே சொன்னார்கள். கூரியர் நடைமுறை அவர்களுக்குத் தெரியாததல்ல. குறிப்பை எழுதியவர் ஒருமுறையாவது பொட்டலம் கட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மாதிரிக்கு 1,300 ரூபாய் வீதம் 15,600 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2,808 ரூபாய், ஆக மொத்தம் 18,408 ரூபாய் முன்பணமாகச் செலுத்தினேன். 15 வேலை நாள்களில் அறிக்கை வரும் என்றார்கள். 41-ஆம் நாள் வந்தது. இடையில் இரண்டு முறை நானே அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பேசியவர் பணிவாகத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு முறையும் என் மாதிரிகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சொல்லாமலே விட்டார்.

அறிக்கை ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை. மாதிரி எண், சிற்றினப் பெயர், ஒற்றுமை விழுக்காடு என்று மூன்றே பத்திகள். எட்டுக்கு யூரெமா ஹெகாபி, அதாவது சாதாரணப் புல்மஞ்சள். இரண்டுக்கு யூரெமா பிளாண்டா, அதாவது முப்புள்ளிப் புல்மஞ்சள். ஒன்றுக்குப் ‘பெருக்கம் நிகழவில்லை’. மற்றொன்றுக்கு நேரே ஒரு குளவிக் குடும்பத்தின் பெயர்.

குளவியைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. எண் 11 அகத்தியில் கிடைத்த புழு. கூடு கட்டும் முன்பே பெட்டியில் செத்துவிட்டதால் உடலின் ஒரு துண்டை அனுப்பியிருந்தேன். ஒட்டுண்ணிக் குளவி தன் முட்டையை உயிருள்ள புழுவின் உடலுக்குள் இட்டுவிடும், அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும் என்பதை யோசித்தால், ஆய்வகம் தவறேதும் செய்யவில்லை என்பது புரிந்தது. அந்தத் துண்டில் வண்ணத்துப்பூச்சியைவிடக் குளவிதான் அதிகமாக இருந்திருக்கிறது. இதைக் குறையாக நான் எண்ணவில்லை; என் தோட்டத்தில் அந்தக் குளவி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அறிக்கையில் அதை விளக்கி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். முதன்முறையாக இந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர், மாதிரிகள் மாறிவிட்டன என்று சண்டைக்குப் போயிருப்பார். பெருக்கம் நிகழாத எண் 9 என் பேராசை: வண்ணத்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சிய வெற்றுக் கூட்டை அனுப்பியிருந்தேன். அதிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க முடியும் என்று படித்திருந்தாலும், கிடைக்கும் அளவு மிகச் சொற்பமாக இருக்கும்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது எண் 4. கொன்றையிலிருந்து வந்தது, கோடைக்காலத்து உருவம், நடு அறைக் குறிகள் மங்கல். இரண்டுதான் தெரிகின்றன என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அறிக்கையோ அதை முப்புள்ளிப் புல்மஞ்சள் என்றது. நம்பாமல் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். மாதிரிக்கு உரிய நாளின் கீழ் என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: ‘கொன்றைத் தளிர்; முட்டைகள் நெருக்கமாக, ஒரே இலையில்; புழுக்கள் சேர்ந்தே தின்கின்றன; தலை கறுப்பு.’ சாதாரணப் புல்மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியே இடும், அதன் புழுவுக்குத் தலையும் பச்சை. முப்புள்ளிப் புல்மஞ்சள்தான் முட்டைகளைக் கூட்டமாக இடும், அதன் புழுக்கள்தான் கறுத்த தலையோடு கூட்டமாக வாழும். இறக்கையைப் பார்த்துக் குழம்பிய எனக்கு விடை இலையிலேயே எழுதியிருந்திருக்கிறது. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 1,534 ரூபாய் கொடுத்து என் குறிப்பேட்டை நானே வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். காலோடு சேர்த்து, அது எந்தச் செடியில், எந்த வெளிச்சத்தில், எந்த மாதத்தில், முட்டையாகவா புழுவாகவா கிடைத்தது என்ற குறிப்பு உங்களிடம் இல்லையென்றால், ஆய்வகம் தருகிற பெயர் தனியாக அந்தரத்தில் நிற்கும். பார்கோடு முறைக்கே புகழ் தேடித் தந்த ஆய்வும் இதையே காட்டுகிறது. கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதியில் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் அவர்களுடைய உள்ளூர்ப் பணியாளர்களும் பல ஆண்டுகளாகப் புழுக்களைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எந்தச் செடியைத் தின்றது என்று எழுதி வைத்து வளர்த்துவந்தார்கள். 1775-இலேயே பெயரிடப்பட்டு ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டுவந்த, நீலம் மின்னும் ஸ்கிப்பர் எனப்படும் வண்ணத்துப்பூச்சி வகை ஒன்று அதில் இருந்தது. முதிர்ந்த பூச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. அவற்றில் 484 பூச்சிகளின் பார்கோடுகளை ஹெபர்ட்டின் குழுவினர் ஒப்பிட்டபோது வரிசைகள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன. அந்தக் கூட்டங்களைப் புழுவின் நிறத்தோடும் அது தின்ற செடியோடும் வாழிடத்தோடும் பொருத்திப் பார்த்து, ஒன்றாக எண்ணப்பட்டது குறைந்தது பத்துச் சிற்றினங்களின் தொகுதி என்று 2004-இல் வெளியிட்டார்கள். புதிய சிற்றினங்களுக்கு முதலில் வைத்த தற்காலிகப் பெயர்களே உணவுத் தாவரப் பெயர்களின் சுருக்கங்கள்தான். பின்னாளில் அந்தப் பத்து என்ற எண்ணிக்கையை மறுத்து, பார்கோடு மட்டுமே அத்தனை பிரிவுகளைத் தாங்காது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதம் நடப்பதற்கே அடிப்படையாக இருந்தவை வளர்ப்புக் குறிப்புகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அட்டவணையின் மூன்றாவது பத்தியான ஒற்றுமை விழுக்காட்டுக்கு வருகிறேன். இதைப் போல வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடிய எண் வேறில்லை. 98.8 என்று பார்த்ததும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டே முக்கால் பங்கு உறுதி என்றே நம் மனம் வாசிக்கும். அதன் பொருள் அதுவன்று. 658 எழுத்துகளில் எட்டு எழுத்துகள் வேறுபடுகின்றன, மற்றவை பொருந்துகின்றன என்பது மட்டுமே அதன் பொருள். எட்டு எழுத்து வேறுபாடு ஒரே சிற்றினத்துக்குள்ளும் இருக்கலாம், அண்மையில் பிரிந்த இரண்டு சிற்றினங்களுக்கு இடையிலும் இருக்கலாம். எந்த எண்ணுக்கு மேல் போனால் வேறு சிற்றினம் என்று எல்லா வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பொருந்தும் கோடு ஒன்றும் கிடையாது. மேலும், ஒப்பீட்டில் முதலாவதாக வந்த பெயர், அந்த வரிசையைத் தரவுத்தளத்தில் இட்டவர் அந்தப் பூச்சிக்கு வைத்த பெயர். இறக்கைக் குறிகளை எண்ணி நான் தவறிய அதே இடத்தில் அவரும் தவறியிருந்தால், அவருடைய தவறு ஆய்வக முத்திரையோடு என் வீட்டுக்கு வந்து சேரும்.

ஆகவே மூல வரிசைகளையும் வரைபடக் கோப்புகளையும் கேட்டு வாங்கினேன். இவற்றைக் கேட்டால்தான் தருகிறார்கள். தனிக் கட்டணம் வாங்கவில்லை. வரைபடம் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வண்ண முகடு எழும்பியிருக்கும் நீண்ட கோட்டுச் சித்திரம். முகடுகள் ஒவ்வொன்றாகத் தெளிவாக நின்றால் நல்ல வாசிப்பு. ஒரே இடத்தில் இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கலப்படம் நேர்ந்திருக்கலாம், அல்லது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எப்போதோ அணுக்கருவுக்குள் போய்த் தங்கிய பழைய பிரதி ஒன்றும் சேர்ந்து வாசிக்கப்பட்டிருக்கலாம். என் பத்து மாதிரிகளில் ஒன்பது சுத்தமாக இருந்தன. எண் 8-இல் கடைசி முப்பது எழுத்துகளுக்கு மேல் முகடுகள் குழம்பிக் கிடந்தன. அறிக்கையிலோ அதற்கும் மற்றவற்றைப் போலவே ஒரு விழுக்காடு அச்சாகியிருந்தது. ஒரு திசையில் மட்டும் வாசித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரு திசையிலும் வாசித்திருந்தால் ஒரு முனையின் குழப்பத்தை மறுமுனை தெளிவாக்கியிருக்கும். விலைப்பட்டியலில் இரு திசை வாசிப்பு தனி வரியாக, கூடுதல் கட்டணத்தோடு இருக்கிறது. நீங்கள் அனுப்பினால் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாவது அதையே கேளுங்கள்.

பிறகு பத்து வரிசைகளையும் போல்ட் தளத்தின் அடையாளம் காணும் பக்கத்தில் நானே இட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் இலவசம், உள்ளிடுவதும் எளிது. கிடைத்த ஒப்பீடுகள் எந்த நாட்டு மாதிரிகளோடு என்பதையும் காட்டுகிறது என்பதால் ஆய்வக அறிக்கையைவிட இது பல மடங்கு தகவல் செறிந்தது. சொல்லப்போனால், வரிசைப்படுத்தித் தருவதோடு ஆய்வகம் நிறுத்திக்கொண்டு, பெயர் சூட்டும் வேலையை நம்மிடமே விட்டுவிடலாம். முப்புள்ளி என்று வந்த இரண்டும் ஹெகாபி மாதிரிகளிலிருந்து தெளிவாக விலகி நின்றன. அவற்றில் எனக்கு ஐயமில்லை. எட்டு ஹெகாபிகளில்தான் கேள்வி எஞ்சியது. கொன்றையிலும் அகத்தியிலும் கொடுக்காய்ப்புளியிலும் கிடைத்தவை எல்லாம் ஒரே பெயரின் கீழ் வந்திருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்திருக்கும் இந்தப் பெயர் உண்மையில் ஒரே சிற்றினத்துக்கு உரியதுதானா?

இதே புல்மஞ்சளில் ஜப்பானியர்கள் கண்டறிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது. அங்கே ஹெகாபி என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டுவந்த பூச்சியில், இறக்கை விளிம்பு மயிர் மஞ்சளாக இருக்கும் வகை ஒன்றும் பழுப்பாக இருக்கும் வகை ஒன்றும் இருப்பதைக் கவனித்தார்கள். மஞ்சள் வகை ஜப்பானின் மிதவெப்பத் தீவுகளுக்கு உரியது, லெஸ்பெடீசா என்ற செடியைத் தின்பது. பழுப்பு வகை தெற்கே ஒக்கினாவாப் பக்கத்து வெப்பத் தீவுகளுக்கு உரியது. இன்று மஞ்சள் வகை யூரெமா மந்தரினா என்ற தனிச் சிற்றினம். பழுப்பு வகைதான் ஹெகாபி. அணுக்கரு மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டபோது பிரியவே இல்லை என்று 2006-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். அதாவது, நான் 1,300 ரூபாய் கொடுத்து வாங்கிய சோதனை மைட்டோகாண்ட்ரியாவையே நம்பியிருப்பதால், அதை அங்கே நடத்தியிருந்தால் இரண்டு சிற்றினங்களையும் ஒன்றென்றே சொல்லியிருக்கும்.

காரணம் வால்பாக்கியா என்ற பாக்டீரியா. 1924-இல் கொசு ஒன்றின் உடலில் முதலில் காணப்பட்ட இது, பூச்சிகளின் உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு கூடினால் முட்டைகள் பொரியாதபடி செய்துவிடுவதும், பெண் குஞ்சுகளே பிறக்கும்படி செய்வதும் இதன் வேலைகளில் அடக்கம். இதனால் தொற்றுள்ள தாய்களின் வம்சம் கூட்டத்தில் வேகமாகப் பெருகும். மைட்டோகாண்ட்ரியாவும் தாய் வழியாக மட்டுமே வருவது என்பதால், பாக்டீரியா பரவும்போது அதனோடு ஒரே முட்டையில் பயணம் செய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்து பரவிவிடும். எப்போதோ இரண்டு சிற்றினங்களுக்கு இடையில் நடந்த ஒரு கலப்பில் பாக்டீரியா எல்லை தாண்டியிருந்தால், அதோடு ஒரு சிற்றினத்தின் பார்கோடும் மற்றொன்றுக்குள் குடியேறிவிடும். கடைக்காரர் இரண்டு பொருள்களுக்கு ஒரே குறியை ஒட்டமாட்டார் என்று முன்பு சொன்னேனே, வால்பாக்கியா ஒட்டும்.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் இந்த முறையையே நிராகரிக்கிறேன் என்ற எண்ணம் வரும். ஐரோப்பாவில் மெலிந்த வெள்ளை இறக்கையோடு மெதுவாகப் பறக்கும் லெப்டிடியா என்ற பேரினத்தில், லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட சினாபிஸ் என்ற ஒரே சிற்றினமே பரவியிருப்பதாக நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இனப்பெருக்க உறுப்பின் நீளத்தை அளந்து ரியாலி என்ற இரண்டாவதைப் பிரித்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். 2011-இல் டி.என்.ஏ. வரிசைகளையும் குரோமோசோம் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்த விளாட் டிங்காவும் அவருடைய குழுவினரும், ரியாலி என்று சொல்லப்பட்டதற்குள்ளேயே யுவெர்னிகா என்ற மூன்றாவது சிற்றினம் ஒளிந்திருப்பதை வெளிப்படுத்தினார்கள். அயர்லாந்தில் இதன் விளைவைப் பாருங்கள்: 2001-இல்தான் தங்கள் தீவில் பெரும்பாலும் இருப்பது சினாபிஸ் அன்று, ரியாலி என்று அறிவித்திருந்தார்கள், பத்தே ஆண்டுகளில் அது ரியாலியும் அன்று, யுவெர்னிகா என்று மாற்றி எழுதினார்கள். உண்மையான சினாபிஸ் அங்கே பரன் எனப்படும் சுண்ணாம்புப் பாறை வட்டாரத்தில்தான் இருக்கிறது. எந்தச் சிற்றினம் எந்த நிலத்தில் வாழ்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் புதரை வெட்டலாம், எந்தப் புதரை விட வேண்டும் என்று முடிவுசெய்ய முடியும் என்பதால் இது பெயர் மாற்றத்தோடு நிற்கும் செய்தியன்று. சுவீடனில் சினாபிஸ் பெரும்பாலும் காட்டிலும் யுவெர்னிகா புல்வெளியிலும் காணப்படுகின்றன. அங்கே நடந்த ஆய்வில் ஆண்கள் இரண்டு சிற்றினப் பெண்களையும் வேறுபாடின்றிச் சுற்றி வந்தன. பெண்கள்தான் தம் இனத்தானை மட்டும் ஏற்றன. அந்த ஆண்களின் நிலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

சேவைக்குத் திரும்புகிறேன். ஆய்வக வேலை நன்றாகவே நடந்திருக்கிறது: அனுப்பிய 12-இல் பயன்படுத்தக்கூடிய வண்ணத்துப்பூச்சி வரிசைகள் 10, கிடைக்காத இரண்டுக்கும் காரணம் என்னுடையது. கேட்டதும் மூலக் கோப்புகளைக் கொடுத்ததும், மிஞ்சிய டி.என்.ஏ. கரைசலை ஆறு மாதம் உறைநிலையில் வைத்திருப்பதாக எழுதித் தந்ததும் பாராட்டத்தக்கவை. தாமதம் எரிச்சலூட்டியது. அறிக்கை மிக மோசம். ஒப்பிட்ட தரவுத்தளம் எது, எந்த நாளில் ஒப்பிட்டார்கள், இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த பெயர்கள் எவை, வாசிப்பின் தரம் என்ன என்ற நான்கும் இல்லாத அட்டவணைக்குச் சிற்றின அடையாள அறிக்கை என்று தலைப்பிட அவர்களுக்கு உரிமையில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். அறிக்கையைத் திருத்தினால் நான்கு.

யார் வாங்கலாம் என்றால், புழு வளர்த்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர்களும், கல்லூரி விலங்கியல் துறையில் மாணவர் செய்திட்டம் நடத்துகிறவர்களும் தாராளமாக வாங்கலாம். ஒளிப்படம் எடுத்துவிட்டு அதற்கொரு பெயர் வேண்டும் என்று மட்டும் விரும்புகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் நான்கைந்து படங்களோடு, உணவுத் தாவரத்தையும் புழுவையும் சேர்த்துப் படமெடுத்து, அனுபவமுள்ளவர்களிடம் காட்டினால் பெரும்பாலான புல்மஞ்சள்களுக்கு விடை கிடைத்துவிடும். கால் எடுக்கத் தயங்குகிறவர்கள் பெட்டியில் இயற்கையாக இறந்தவற்றைப் பயன்படுத்தலாம், இறந்த உடனே உலர்த்திவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனின் குடும்பத்தவற்றுக்கு முன்னங்கால்கள் தூரிகைபோலச் சுருங்கிப்போய் நான்கு கால்களே நிற்கப் பயன்படுகின்றன. உயிருள்ளதிலிருந்து எடுப்பதானால் அவற்றில் இன்னும் கவனம் வேண்டும். புல்மஞ்சளுக்கு ஆறு கால்களும் முழுமையாக இருக்கும்.

எண் 8-ஐ இரு திசையிலும் மறுபடி வாசித்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். அதற்குக் கட்டணம் வாங்கமாட்டோம் என்று பதில் வந்தது. கூடவே, அகத்தி ஹெகாபிக்கும் கொன்றை ஹெகாபிக்கும் அணுக்கரு மரபணு ஒன்றை வரிசைப்படுத்தித் தர முடியுமா, மாதிரியில் வால்பாக்கியா உண்டா என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். விலையைக் கணக்கிட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். அதுவரை மீதிக் கால்கள், மாதிரிக்கு ஐந்து வீதம், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மேசை இழுப்பறையில் இருக்கின்றன. குப்பி ஒவ்வொன்றின் மேலும் இந்த முறை மாதிரி எண்ணுக்குப் பக்கத்திலேயே செடியின் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டேன்.